போர்ச்சில் ஒரே சாக்கெட்டு

கெலுகோர் வீட்டுப் போர்ச்சில், காலியாகிப்போன ஃப்ரீசரின் மேல் டோரதி கணவனுக்கு ஒரு சீட்டை ஒட்டினாள்.

"ஷான் அப்பாவுக்கு,

என் தங்கச்சி மக நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டு நாளா உக்காந்து உரிச்ச எட்டுக் கிலோ இறாலும் கெட்டுப்போச்சு. போர்ச்சில இருக்கறது ஒரே சாக்கெட்டு. ஃப்ரீசரைப் பிடுங்கிட்டு உங்க புதுக் காரைச் சொருகியிருக்கீங்க. மைல்ட் ஹைபிரிட்னா ஓடும்போதே தானா சார்ஜ் ஆகும், சொருகற தொல்லை இல்லன்னு ஷோரூம்ல தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். பிளக்-இன்தான் வேணும்னு நின்னீங்க. 'மைல்டுன்னா உன் தம்பி மாதிரி, பேருக்குத்தான் ஆம்பள'ன்னு சேல்ஸ்மேன் முன்னாடி சிரிச்சீங்க. தம்பியும் பக்கத்துலதான் நின்னான்.

ரசம் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. நாலு மணிக்கு உங்க அண்ணே காரைப் பார்க்க வர்றாரு. ஏழு சீட்லயும் உக்கார வெச்சுக் காட்டுங்கலா.

நான் தம்பி வீட்டுக்குப் போறேன். போன் போடாதீங்க."

கீழே இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"இறாலைத் தூக்கிப் போட மனசு வரல. கடைசி சீட்டுக்கு அடியில கொட்டி, கண்ணாடியெல்லாம் ஏத்தி, காரை வெயில்ல நிறுத்தியிருக்கேன். கதவு பூட்டல. சாவி அந்த இறாலுக்குள்ளதான் கிடக்கு. கையை விட்டுத் தேடுங்க, மைல்டாத்தான் நாறும்."