ஒட்டிய தாள்

புதுச்சேரி,
22.8.1983

அன்புள்ள ஜீனத்துன்னிசாவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். முதலில் நம் கையெழுத்து ஏட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேறு யாராவது பாரிசுக்கு எழுதிவிடும் முன் நான் எழுதிவிட வேண்டும்.

நீ அனுப்பிய கதையை ஆடி மாத ஏட்டில் படியெடுத்துச் சேர்த்தேன். எப்போதும்போல ஒரே பிரதி, பதினோரு வீடு, வீட்டுக்கு இரண்டு நாள். கடைசி எட்டுப் பக்கம் வாசகர் கருத்துக்கு. வேலைநிறுத்தத்தின்போது மில்லின் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனவனையும், காய்ச்சலில் கிடந்த அவன் மகனையும் பற்றி இரக்கத்தோடு எழுதியிருந்தாய்.

ராஜாங்கம் அண்ணன் இரண்டு பக்கத்துக்குச் சண்டை போட்டிருந்தார். பசி எல்லார் வீட்டிலும்தான் இருந்தது, நாங்கள் போனோமா என்று. பிள்ளை சாகக் கிடந்தால் சங்கத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்பீர்களா என்று குருசுக்குப்பத்துக் கொளஞ்சி பதில் எழுதியிருந்தாள். கடுமைதான். ஆனால் இரண்டு பேரும் கதையோடுதான் மோதினார்கள். நான் ஒரு சொல்லையும் தொடவில்லை.

ஏடு சுற்றும் வரிசையில் ஏழாவது எங்கள் வீடு. அங்கேதான் பெயரில்லாமல் ஒரு வரி சேர்ந்தது: “எழுதியவளின் வாப்பா பக்ருதீன் எந்த வாசல் வழியாகப் போனார் என்று அவளையே கேளுங்கள்.” எட்டாவது வீடு உங்களுடையது.

கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் அண்ணன் கண்ணையன். அந்த வேலைநிறுத்தத்தில் பறிபோன எங்கள் அப்பாவின் வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த வருடம்தான்.

முன்னட்டையில் உன் கையால் எழுதிய விதிகள் இன்னும் இருக்கின்றன. எழுத்தோடு சண்டை போடலாம், எழுதியவர் வீட்டோடு கூடாது. பெயர் போடாமல் எழுதக் கூடாது. ஒருவர் எழுதியதை அவரைக் கேட்காமல் மற்றவர் அழிக்கக் கூடாது. முதல் இரண்டை அண்ணன் மீறினான். மூன்றாவதை நான் மீறினேன். மைதாப் பசை காய்ச்சி, அந்த வரியின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி ஏட்டை அனுப்பிவிட்டேன். உன் வாப்பா மனம் நோகக் கூடாதென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அதற்காக. மீதி, அண்ணன் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று.

எட்டுப் பக்கத்தில் எல்லாரும் தேடிப் படித்தது அந்த ஒரு வரியைத்தான். உன் வாப்பா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்திருக்கிறார். அடுத்த மூன்று வீட்டிலும் அப்படியே. ஏடு திரும்பியபோது இரண்டு வீட்டார் வந்து, இனி மில் பேச்சும் ஜீனத் கதையும் வேண்டாம், இல்லையென்றால் தங்கள் வீட்டுக்கு ஏடு வேண்டாம் என்றார்கள். ஒன்பது வீட்டுக்கு நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே தண்ணீர் தொட்டுத் தாளை உரித்தேன். ஏட்டை அண்ணன் முன்னால் வைத்து, பேர் போடு, இல்லையென்றால் உன் பேனாவாலேயே அடி என்றேன்.

“நீ எனக்குத் தங்கச்சியா, அவங்களுக்கு வக்கீலா?” என்றான்.

தங்கைதான், ஆனால் ஏட்டுக்குப் பொறுப்பு நான் என்றேன். மூன்றாம் நாள் காலையில் வரிக்குக் கீழே அவன் பெயர் இருந்தது. வரியை அடிக்கவில்லை. அதன் கீழே நான் எழுதினேன்: இது முதல் விதியை மீறியது, இதை மறைத்தது என் தவறு, குறிப்பிடப்பட்டவர் பதில் சொன்ன பிறகே ஏடு நகரும்.

முல்லா வீதியில் உங்கள் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். கூப்பிடாமலே அண்ணனும் பின்னால் வந்து, சைக்கிளோடு தெருவில் நின்றான். வாப்பா எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். பேனா கேட்டார். அவர் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் உனக்குத் தருகிறேன்:

“போனது நான்தான். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அப்போது கிடந்தது என் மகள். யாரோ ஒருவன் கதை என்றுதான் அவளிடம் சொன்னேன். முருகையனிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பக்ருதீன்.”

முருகையன் எங்கள் அப்பா. வீடு திரும்பியதும் அந்த வரியை அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னார்.

அன்று எழுதி முடித்ததும் வாப்பா பேனாவை மூடிவிட்டுத் தெருவைப் பார்த்து, “கண்ணையா, வெயில்ல நிக்காத, உள்ள வா” என்றார். அண்ணன் உள்ளே வரவில்லை. கிளம்பவும் இல்லை. சைக்கிளைச் சுவரோரம் நிழலுக்குத் தள்ளினான். நான் புறப்பட்டபோது, “அவளுக்கு நீயே எழுதிடும்மா, எனக்குக் கை வராது” என்றார் வாப்பா. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏடு அந்தப் பக்கங்களோடு இரண்டாம் சுற்று போகிறது. எதையும் ஒட்டவில்லை. வேண்டாமென்ற இரண்டு வீட்டு வாசலிலும் நின்று மறுபடி கேட்பேன். ஆவணி ஏட்டில் உனக்கு ஆறு பக்கம் விட்டுத் தைத்திருக்கிறேன். நீ எழுதாவிட்டால் அவை வெற்றுத் தாளாகவே பதினோரு வீட்டுக்கும் போகும். வேறு யார் எழுத்தையும் வைத்து நிரப்ப மாட்டேன்.

ஆனால் முதல் கடிதம் வாப்பாவுக்குப் போகட்டும். சின்னதாக இருந்தாலும் போதும்.

இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறாய், ஜீனத்?

உன்
கமலவேணி