சினிமாவுக்குப் போகாத சனிக்கிழமை

ஹல், மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். இந்த இங்கிலாந்துக் குளிர்தான் என்னோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது.

பள்ளியில் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நம் ஸ்பானிஷில் பேச்சுத் தேர்வு. தனியறையில் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுப் பதிவு செய்வது என் வேலை. ‘சனிக்கிழமை என்ன செய்தாய்?’ என்றால் எல்லோருக்கும் ஒரே மனப்பாடம்: நண்பர்களோடு சினிமா, பிறகு பீட்சா. நேற்று இருபது பேர் அப்படியே ஒப்பித்தார்கள்.

அடுத்து வந்த டெமி ஒப்பிப்பதைப் பாதியில் நிறுத்தினாள். கதவைப் பார்த்தாள். வெளியே தோழிகள் காத்திருந்தார்கள். தெரிந்த கொஞ்சம் ஸ்பானிஷில் மெதுவாகச் சொன்னாள்: “சினிமாவுக்குப் போகல மிஸ். அம்மா அஞ்சு நாளா வீட்டுக்கு வரல. நானும் தம்பியும் மட்டும்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

பன்னிரண்டு வயது அவளுக்கு. பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி ஒன்று காதில் விழுந்தால் மறைக்கக் கூடாது என்பது பள்ளி விதி. உடனே போய்த் தலைமையாசிரியரிடம் சொன்னேன். மதியம் குழந்தைகள் நல அதிகாரிகள் இருவர் வந்து அவளை அழைத்துப் போனார்கள். என்னைத் தாண்டும்போது ஆங்கிலத்தில் கேட்டாள்: “உங்கள நம்பித்தான சொன்னேன்?”

செய்தது சரிதான் என்கிறார்கள். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

கம்பளிக் காலுறையும் நீங்கள் ஊறவைத்த ஆலிவ் காயும் அனுப்புங்கள். சின்னப் புட்டி போதும், சாப்பிட நான் ஒருத்திதானே.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஞாயிறுதோறும் நீங்கள் தொலைபேசியில் கேட்கும்போது, தோழிகளோடு சினிமாவுக்குப் போனேன் என்கிறேனே அப்பா, அதுவும் மனப்பாடம்தான்.

உங்கள் மகள்,
பெலேன்