ஏழாம் வரி

செரிஸ் குறுங்கோள், பனிக்கிணறு, காவலர் பதிவு

நாள் 212, காலை 6.10
இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் அந்தோணிப்பிச்சை, வயது அறுபத்தெட்டு. எழுதப் படிக்கக் கற்று ஆறு மாதம் ஆகிறது. காற்றழுத்தம் சரி. பம்பு சரி. மற்ற ஆறு பேரும் விடுப்பில் போயிருக்கிறார்கள். அடுத்த கப்பல் நாற்பது நாளில் வரும். இன்று தரவுத்தளத்துக்குப் புதிய பதிப்பு ஏற்ற வேண்டும். அதில் ஆள் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் ஆள் இருந்தால்தான் காற்று இயந்திரம் ஓடும். ‘ஏற்று’ என்ற சொல்லை நானே வாசித்து அழுத்தினேன்.

நாள் 212, மாலை 4.40
பாதியில் நின்றுவிட்டது. பழைய பதிப்புக்கும் திரும்பவில்லை. ஆள் எண்ணிக்கை பூச்சியம் என்கிறது. காற்று இயந்திரமும் நின்றது. தொட்டியில் மூன்று நாள் காற்று இருக்கிறது. பூமியில் உள்ள தொழில்நுட்ப மடற்குழுவுக்கு எழுதினேன். மூன்று மணி நேரம் பிடித்தது. என் வாழ்நாளின் முதல் கடிதம். எல்லோருடைய நலமும் கேட்டிருக்கிறேன். அழகாக வந்திருக்கிறது.

நாள் 213, மாலை 5.00
அஞ்சல் நாளுக்கு ஒரு முறைதான். குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஹெலன் பாக்கியம் பதில் எழுதியிருக்கிறார்:
“அண்ணாச்சி, எங்க வீட்டு ஆட்டுக்குட்டி வரைக்கும் நலம். மெஷின் என்ன சொல்லிச்சுன்னு மட்டும் ஒரு வரிகூட இல்லையே. அது சொன்னத அப்படியே எழுதுங்க.”
அது சொன்னது: ‘செல்லாத ஆள். வரி 7 நிராகரிக்கப்பட்டது.’ முன்பின் தெரியாதவர்களுக்கு இப்படிக் கடுஞ்சொல் எழுதுவது மரியாதையில்லை என்று விட்டிருந்தேன். இப்போது எழுதி அனுப்பிவிட்டேன்.

நாள் 214, இரவு 9.15
அஞ்சல் வரவில்லை. உட்கார முடியவில்லை. காலையிலிருந்து அறைக்கும் கிணற்றுக்கும் நடந்தபடியே இருக்கிறேன். நடந்தால் காற்று சீக்கிரம் குறையும் என்று அளவி காட்டுகிறது. உட்கார்ந்தேன். மறுபடி எழுந்துவிட்டேன்.

நாள் 215, காலை 7.05
வந்துவிட்டது.
“ஏழாம் வரியில பேர்க் கட்டம் காலியா இருக்கும், பாருங்க. புதுப் பதிப்பு காலிய ஏத்துக்காது. பேர நிரப்பி மறுபடி ஓட்டுங்க, ஒரு மணி நேரம் ஆகும். ஓடுனத கண்ணால பாத்துட்டு, தலைப்புல ‘சரியாயிற்று’ன்னு போட்டு எழுதுங்க. அடுத்து மாட்டுறவனுக்கு உதவும்.”
ஏழாம் வரி நான்தான். வேலைக்குச் சேர்ந்தபோது கைரேகை வைத்தேன்.

நாள் 215, காலை 7.20
என் பெயரை எழுதினேன். எட்டு எழுத்து. ஏற்றுக்கொண்டது! இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். ஓடத் தொடங்கியிருக்கிறது. அதற்கு அறுபது நிமிடம் வேண்டும். தொட்டியில் நாற்பது இருக்கிறது. அசையாமல் எழுதுகிறேன்.

நாள் 215, காலை 8.02
தலை கனக்கிறது. குழுவுக்கான கடிதம் திரையில் இருக்கிறது. மெஷின் சொன்னது முதல் வரியிலேயே. பிறகு நான் செய்தது. தலைப்பு மட்டும் போடவில்லை. கண்ணால் பார்க்காமல் போடக்கூடாது. கண்டெடுப்பவரே, காற்று இயந்திரத்தின் விசிறி சுற்றுகிறதா பாருங்கள். சுற்றினால் நீங்கள் தலைப்புப் போட்டு அனுப்புங்கள். இந்த முறை நான் யாரையும் நலம் விசாரிக்கவில்லை என்று ஹெலன் அம்மாவிடம்