உங்கள் இரங்கல் கூட்டத்தில் எனக்குக் குமட்டியது, மேடம்

மேடம்,

நேற்று உங்கள் இரங்கல் கூட்டம் தொடங்குமுன் கல்லூரி ஹாலில் ஒரு ஆள் மல்லிகை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு போனான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆம்பூர் டேனரியில் பச்சைத்தோல் அலசி அலசியே தலை நரைத்தவன் நான். அந்த வாடையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவன். மல்லிகைக்குக் குமட்டுகிறது என்றால் இந்த மூக்கை எந்த ஆஸ்பத்திரியில் காட்டுவது? அப்புறம்தான் மேடையைப் பார்த்தேன். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் கல்லூரியின் பழைய முதல்வர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் கல்லூரியின் முதல் பெண் உளவியல் பேராசிரியை. எங்கள் பெருமை" என்றார்.

பெருமையாம்! அந்தப் பெருமைக்கு அவர் ஒதுக்கிய அறை கக்கூஸை ஒட்டி இருந்தது. மெட்ராஸில் படித்துவிட்டு நீங்கள் வந்தபோது இந்தப் பக்கம் உளவியல் என்றால் எவருக்கும் தெரியாது. "பைத்தியக்கார டீச்சர்" என்று பெயர் வைத்தவரே அவர்தான். நான் மட்டும் என்ன யோக்கியம்? மகள் உங்கள் வகுப்பில் சேர்ந்தபோது, "இன்னா பாப்பா, மந்திரிக்கிறது மாதிரியா?" என்று கேட்ட, எட்டாம் வகுப்போடு நின்ற மேதை நான்.

அவள் அப்போது என்னோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். நான் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு வந்தாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். பவுடர் போட்ட மாடு மாதிரி நான் தனியாக மென்றுகொண்டிருப்பேன்.

பிறகு ஒருநாள் வகுப்பில் இரண்டு பாட்டில்களை முகரக் கொடுத்தீர்கள். ஒன்றில் 'வெளிநாட்டுச் சீஸ்' என்று சீட்டு, இன்னொன்றில் 'டேனரித் தொட்டி'. சீஸுக்கு எல்லோரும் ஆஹா என்றார்களாம். தொட்டிக்கு மூக்கைப் பிடித்தார்களாம், என் மகள்தான் முதலில். இரண்டிலும் இருந்தது தொட்டித் தண்ணீர்தான். "அருவருப்பு மூக்குல பிறக்கிறதில்ல. யாரைப் பார்த்து முகம் சுளிக்கணும்னு நமக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றீர்கள். அன்றைக்கு அவள் என் பக்கத்தில் தட்டை வைத்தாள். என் குழம்பில் கிடந்த கறித்துண்டை எடுத்துத் தின்றாள், திருடி.

அதோடு நிறுத்தியிருக்கலாம் நீங்கள். ஆசிரியர்கள் அறையிலும் அந்த 'சீஸ்' பாட்டிலை நீட்டினீர்கள். முதல்வர் கண்ணை மூடி முகர்ந்து, "பாரிஸ்ல சாப்பிட்டிருக்கேன், இதேதான்" என்றாராம். எல்லோரும் சிரித்த சிரிப்பை அவர் மறக்கவே இல்லை. துறைத் தலைவர் பதவி உங்களிடம் படித்த பையனுக்குப் போனது. ஓய்வு பெறும்வரை அவனுக்குக் கீழேதான் வேலை பார்த்தீர்கள்.

இப்போது அதே துறையில் என் மகள் தற்காலிக விரிவுரையாளர். வேலையை நிரந்தரமாக்கும் கமிட்டியில் அந்தப் பழைய முதல்வர்தான் பெரிய தலை. கூட்டத்தில் படிக்கச் சொல்லி அவளிடம் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்: கல்லூரி உங்களுக்கு எல்லா ஊக்கமும் கொடுத்ததாம். "படிச்சிட்டு இறங்கிடு பாப்பா, வாயா தேஞ்சிடும்?" என்றேன். அவள் மைக் முன்னால் போய்த் தாளை மடித்தாள்.

"மேடத்தைத் தலைவர் ஆக்காம விட்டது இந்தக் காலேஜ்தான். ஏன்னு கேக்கணும்னா, சார் மேடையிலேயே இருக்காரு, கேளுங்க."

கூட்டம் முடிந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. "சின்னப் பொண்ணு, தெரியாம பேசிடுச்சு. நீங்க பெரியவரு, எடுத்துச் சொல்லுங்க. வருத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், வேலையை நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்திருந்தால் அவள் வேலை பிழைத்திருக்கும். எனக்கும் பிடிக்கத்தான் ஆசை, மேடம். பெரிய மனுஷன் எவனும் எனக்குக் கை நீட்டியதில்லை. ஆனால் என் கை தானாகப் பின்னால் போய் வேட்டியில் துடைத்துக்கொண்டது. அவரைத் தொடவேயில்லை, அதற்குள் துடைத்துக்கொண்டது!

வீட்டுக்குத் திரும்பும் சத்துவாச்சாரி பஸ்ஸில் அவள் கேட்டாள்: "என்னை மட்டும் படின்னு சொன்ன. நீ ஏன்ப்பா கை குடுக்கல?"

"தெரியல பாப்பா. அருவருப்பா இருந்துச்சு."

ஊரே என்னைப் பார்த்துச் சுளித்தபோது, எனக்கும் சுளிக்க ஒரு முகம் இருக்கிறது என்று தோன்றியதே இல்லை. இனி அவளை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். நான் நேற்றிலிருந்து முகத்தைச் சுளித்தபடியேதான் இருக்கிறேன், மேடம். கண்ணாடியில் பார்த்தேன். அப்படியொன்றும் மோசமில்லை.