ஆழ்கடலுக்கு வந்த கறிமீன்

நாள் 12 / காலை 6.10

அழுத்தம் சரி. காற்று சரி. நண்டு ஓடுகிறது.

நண்டு என்பது சுரங்க இயந்திரத்துக்கு நான் வைத்த பெயர். கம்பெனி வைத்தது வாயில் நுழையாது. கடலடியில் ஊர்ந்து உலோகக் கற்களைப் பொறுக்கி, குழாய் வழியே கப்பலுக்கு ஏற்றுவது அதன் வேலை. இந்தக் கடலடி நிலையத்தில் தனியாக இருந்து அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெயர் இதயதாசன். ஊர், நேர் கரையில் வேளாந்துறை. திட்டத்தில் உள்ளூர்க்காரனுக்கு வேலை கொடுத்தோம் என்று கம்பெனி சொன்னால், அது நான்தான்.

கப்பலிலிருந்து சரக்குக்கூண்டு இறங்கியது. வடிகட்டி, பேட்டரி, ஒரு தூக்குவாளி நெய்மீன் குழம்பு. எங்கள் ஊரில் படகு கரையேறியதும், ஏலத்துக்கு முன்பே வீட்டுச் சமையலுக்கென்று கறிமீன் பிரித்துவிடுவார்கள். காய்ச்சலில் படுத்திருப்பவனுக்கும் பங்கு உண்டு. அக்கா புருஷன் ஸ்டார்வின் ஒரு குரல்பதிவும் வைத்திருந்தார்: "மாப்ள, ஒனக்கும் ஒரு பங்கு எடுத்தாச்சு. நீயும் கடல்லதான கெடக்க."

கம்பெனிக்காக வாரம்தோறும் பேசும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பதிந்து கப்பலுக்கு அனுப்பினேன். பூசை முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் போடுவார்கள். பள்ளிக்கூடம், ஐஸ் பிளாண்ட், புதுச் சாலை என்று திட்டத்தால் ஊருக்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. பெருமையாகத்தான் பேசினேன்.

நாள் 40 / பகல் 2.25

நண்டு கிளப்பும் சேறு எல்லையைத் தாண்டிவிட்டது. நீரோட்டம் அதை வேளாப்பார் மேல் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஊரே மீன் பிடிக்கும் கடலடிப் பாறை அது. கேமராவில் பார் தெரியவில்லை, சாம்பல் நிறம்தான் தெரிகிறது.

கப்பலுக்குச் சொன்னேன். அதிகாரி சௌரிராஜனின் பதில்: "நீரோட்டம் திரும்பினா சரியாயிடும் தாசன். ஊரைப் பயமுறுத்தாதீங்க. இந்த வாரப் பேச்சு இன்னும் வரலையே."

அனுப்பினேன். மீனுக்கு ஒன்றும் ஆகாது, பொறுத்திருங்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

நாள் 63 / மாலை 5.40

வாளியில் ஒரு கை நெத்திலி. அத்தான்: "பாடு இல்ல மாப்ள, வலையில ஒண்ணும் விழல. ஐஸ் பிளாண்ட் சும்மா ஓடுது. கப்பல மறிக்கணும்னு நாலு பேரு குதிச்சானுவ. நான்தான் அடக்குனேன். எங்க பய கீழ இருக்கான், அவன் பொய் சொல்ல மாட்டான்னேன்."

கூசிப்போனேன். ஆனாலும் வாளியை வழித்துச் சாப்பிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 77 / பகல் 12.15

மீன் வறுவல். துண்டுகள் சதுரம் சதுரமாக இருந்தன. முள் இல்லை, தோல் இல்லை. நிலையத்து ஃப்ரீசரிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். அதே வெட்டு. கம்பெனியின் பண்ணை மீன். ஊருக்கு நிவாரணமாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. அதிலும் எனக்குப் பங்கு பிரித்து, அக்கா மிளகாய் தடவி வறுத்து, ஒன்றும் நடக்காததுபோல் அனுப்பியிருக்கிறாள். குரல்பதிவு இல்லை.

கையிலிருந்த துண்டைத் திரும்ப வாளியில் போட்டேன். எழுந்துபோய் நண்டை நிறுத்தினேன்.

அதே நாள் / பகல் 1.05

சௌரிராஜன்: "நிறுத்தினா நிவாரணமும் நிக்கும். உங்க ஊர் எதைச் சாப்பிடும்?"

நான் நண்டைத் தொடவில்லை. அவர்களே மேலிருந்து நண்டை ஓட்டிவிட்டார்கள்.

நாள் 79 / காலை 7.00

உண்மையைப் பதிந்து அனுப்பினேன். பார் செத்துவிட்டது, நாற்பதாம் நாளே எனக்குத் தெரியும், கப்பலை மறியுங்கள் என்று. கப்பல்காரர்கள் அதை ஊருக்குப் போடமாட்டார்கள். பரவாயில்லை, பேச்சு இல்லாத ஞாயிறு வந்தாலே ஊர் சந்தேகப்படும். காலி வாளிக்குள்ளும் ஒரு கடிதம் வைத்தேன்.

நாள் 82 / காலை 9.30

புது வாளி. அத்தான்: "ஞாயித்துக்கெழம நல்லா பேசுன மாப்ள. ரெண்டாவது மிசினும் எறங்கட்டும்னு ஊரே கை தூக்கிட்டு. இன்னும் ஆறு மாசம் கீழயே இருக்கேன்னு சொன்னியா, ஒங்க அக்கா அழுதுட்டா. பெருமதான், வேற என்ன."

நான் அப்படிப் பேசவில்லை. கப்பலைக் கேட்டேன். கூச்சமே இல்லாமல் போட்டுக் காட்டினார்கள். என் குரல்தான். வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டேன். அதில் ஒரு சொல்கூடப் புதிதில்லை. எல்லாம் ஞாயிறுதோறும் நான் என் வாயாலேயே பேசியவை.

மேலே போய்விடலாம் என்று கூண்டில் ஏறி நின்றேன். அது அசையவில்லை.

சௌரிராஜன்: "ஷிப்டை நீட்டிக்கச் சொல்லி நீங்கதானே கேட்டீங்க தாசன்? அப்புறம், காலி வாளியெல்லாம் இனி மேலே அனுப்ப வேண்டாம்."

நாள் 84

நேரம் பார்க்கவில்லை. ஜன்னலில் விளக்கு. இரண்டாவது நண்டு இறங்குகிறது.

இதைக் கண்டெடுப்பவர் வேளாந்துறையில் சொல்லிவிடவும். கடைசி ஞாயிறு பேசியது நானல்ல. அதற்கு முன் பேசியது நான்தான்.

கூண்டு வந்திருக்கிறது. வாளி கனமாக இருக்கிறது. ஆறு மாசம் தனியாகக் கிடப்பவன் என்று அக்கா இரண்டு பங்கு போட்டிருக்கிறாள். மூடியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.