ஆறு தவிர

4 ஜூலை 1994, திங்கள்

பிரிக்பீல்ட்ஸ் நல்லம்மாள் ஆச்சியின் கல்யாணத் தகவல் நிலையத்துக்கு எழுதிய புரோகிராம் ஓடிவிட்டது. நகரத்தார் கோயில் ஒன்பதுக்கும் ஒன்பது எண். ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை; கட்டக்கூடாது. என் கோயில் நேமம், எண் ஆறு. எனக்கு மாப்பிள்ளை தேட [^6] என்று கேட்க வேண்டும்: ஆறு தவிர யாரும். கோயில் எழுதாமல் விட்டவர்களுக்கு எண்ணுக்குப் பதில் அதே கூரைக் குறியை, ^, போடச் சொல்லியிருக்கிறேன். விவரங்களைத் தட்டுவது எதிர் மேசை மாணிக்கம்.

அம்மா ஆச்சியிடம் கொடுத்து வைத்திருக்கும் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். சோதனைக்காகத்தான். பட்டியலில் மாணிக்கம். மத்தியானம் ரொட்டி சானாய் இரண்டு கூடுதலாக இறங்கியது.

6 ஜூலை

ஆச்சி போன். கிள்ளான் டாக்டர் பையனுக்கு முதல் பொருத்தமாக அவன் கூடப்பிறந்த தங்கையையே காட்டியதாம், அவன் அம்மா முன்னாலேயே. “ஏண்டி அழகம்மை, ஒம் மிஷினு அண்ணனுக்குத் தங்கச்சியக் கட்டி வைக்குது. இனி எவன் என் வாசல மிதிப்பான்?” ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கம்ப்யூட்டரை லோரியில் ஏற்றி சுபாங் ஜெயாவில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கே திருப்பி அனுப்பிவிடுவாராம்.

தேடும் வேலைக்கு என் புரோகிராம் கூப்பிடும் பொது நிரல், லைப்ரரி என்போம், எங்கள் பாஸ் நாராயணன் எழுதியது. “அதுல தப்பு வராது லா. அஞ்சு வருஷமா ஓடுது.” இதுவரை யாரும் அதனிடம் ‘தவிர’ என்று கேட்டதில்லை, அவ்வளவுதான்.

7 ஜூலை

கண்டுபிடித்துவிட்டேன். அடைப்புக்குறி திறந்ததும், மூடும் வரை உள்ளே இருப்பதையெல்லாம் லைப்ரரி கண்ணை மூடிக்கொண்டு அள்ளுகிறது. முதலில் நிற்கும் ^ ‘தவிர’ என்ற உத்தரவு என்று அதற்குத் தெரியவில்லை. அதுவும் ஓர் எழுத்தாம். ஆறு தவிர என்று கேட்டால் ஆறையே தேடிக் கொடுத்திருக்கிறது.

அப்படியென்றால் என் பட்டியலில் வந்தவர்கள் பங்காளிகள்.

அப்படியென்றால் மாணிக்கம் —

போச்சு.

8 ஜூலை

திருத்தவில்லை. மாணிக்கத்தின் விவரத்தைத் திறந்து எண்ணைப் பார்க்கவும் துணிவில்லை. தலைவலி. மாணிக்கம் தே தாரிக் வாங்கி வந்து வைத்தார். அண்ணன் வாங்கித் தந்த டீ. பிடிக்கவில்லை, குடித்தேன்.

நேரில் கேட்டால் என்ன? நகரத்தார் வீட்டுப் பெண் ஓர் ஆணிடம் ‘எந்தக் கோயில்’ என்று கேட்பது மாலையை நீட்டுவதற்குச் சமம்.

9 ஜூலை, சனி

என் வருத்தத்துக்காக ஊரில் எவனோ தங்கச்சியைக் கட்ட வேண்டுமா? திருத்தினேன். நாலே வரி. டாக்டரின் பட்டியலிலிருந்து தங்கை போய்விட்டாள். மனம் கேட்காமல் என் பெயரையும் போட்டேன். மாணிக்கம் அப்படியே இருக்கிறார்.

திருத்தம் தப்பா? அவர் விவரத்தைத் திறந்தேன். கோயில்: ^. ஓ! பழைய லைப்ரரி ஆறையும் ^-யையும் சேர்த்துத் தேடியது, அதனால் வந்தார். இப்போது ஆறு இல்லை என்பதால் வருகிறார். ஆனால் அதைத் தட்டியவரே அவர்தானே? தன் கோயில் தெரியாத செட்டியார் உண்டா?

எழுந்து போய்க் கேட்டே விட்டேன்.

“ஒம்பது. வேலங்குடி,” என்றார், கீபோர்டிலிருந்து தலை நிமிராமல். “நீங்களா கேக்குற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்னு விட்டேன் லா.”

10 ஜூலை

கம்ப்யூட்டர் பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கிறது. பட்டியலிலிருந்து இரண்டு பேரை எடுத்துவிடச் சொல்லி ஆச்சிக்கு போன் செய்தேன்.

“யாரு யாருடி?” என்றார்.

சொன்னேன்.