நம்மூர்க் கோயில் கல்லுக்கு ஓவர்டைம்

கொளஞ்சி, நான் சுகமாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? நான் சொல்லச் சொல்ல எங்கள் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் மேகலா இதை எழுதுகிறது.

ரெட்டிபாளையத்தில் ஒரு வாரமாக எங்களுக்கு ஓவர்டைம், இரட்டைக் கூலி. ஏதோ கோயில் பிரகாரத்துக்குப் பேவர் பிளாக் கல் அவசரமாம். இன்றைக்கு லாரியில் ஏற்றும்போதுதான் தெரிந்தது, அது நம்ம மாரியம்மன் கோயிலுக்கு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கூடுதல் கூலிய மொதலாளியா தர்றாரு?" என்று கேட்டேன்.

"மெஷின் ரிப்பேராயி நேரமானாத்தான் அது கம்பெனி கணக்கு, தாத்தா. இது உங்க ஊர்க்காரங்க அவசரப்படுத்துனது. அவங்க பில்லுலதான் ஏறும்" என்று மேகலா சிரித்தது.

ஆக, ஊரில் வீட்டுக்கு வீடு வசூலிக்கும் நம் தலைக்கட்டு வரியும் கூடும். குளம் வெட்டிய வருஷம் வரி கேட்டு வந்த தர்மனை நீ விளக்குமாற்றோடு விரட்டியது எனக்கு மறக்கவில்லை. இந்தத் தடவை பேசாமல் கொடுத்துவிடு. அதில் கொஞ்சம் என் கூலியாகத்தான் வருகிறது.

லாரி திரும்பும்போது என் பழைய போர்வையும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்பு. கும்பாபிஷேகத்துக்கு லீவு கிடைக்கவில்லை. சன்னதி வாசலுக்கான கல்லை நான்தான் அடுக்கினேன். எனக்கும் சேர்த்து அதில் நின்று கும்பிடு. டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

உன் அரங்கநாதன்